வாவிக்குள் வல்லரசுப் பெட்டி

இராயப்பு தோணியைக் கரையோரக் கண்ணாப் பத்தைக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு குந்தியிருந்தார். துடுப்புச் சவளில் இருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று அதைத் தூக்கி மடியில் வைத்திருந்தார். சாரம் முழுக்க நனைந்துவிட்டது. பரவாயில்லை. இன்றைக்காவது அவன் கண்ணில் படாமல் இருந்தால் போதும்.

"என்ன மச்சான், வயித்தால போகுதா? பத்தைக்குள்ள குந்தியிருக்காய்?"

மற்றப் பக்கத்தால் சுற்றி வந்து நின்றது வினாயகமூர்த்தியின் தோணி.

அந்தக் கிழமை முழுக்க இதே கூத்துத்தான். இராயப்பு கிழக்கே போனால் அவனும் கிழக்கே. மேற்கே திரும்பினால் அவனும் மேற்கே. இராயப்பு தோணிக்குள் படுத்து நித்திரை கொள்வது போல நடித்தால் அவனும் பக்கத்தில் தோணியை விட்டுவிட்டுப் பாட்டுக் கேட்பான்.

வினாயகமூர்த்தி இரண்டு விஷயம் இல்லாமல் உயிர் வாழமாட்டான். ஒன்று, மற்றவன் மீன் பிடிக்கிற இடம். மற்றது உலக அரசியல். சின்ன றேடியோ ஒன்றைப் பொலித்தீன் பைக்குள் போட்டுத் தோணியில் கட்டித் தொங்கவிட்டிருப்பான். அவனுக்கு மீன் படாத நாள் உண்டு. செய்தி படாத நாள் இல்லை.

இராயப்பு ஒளிப்பதற்குக் காரணம் இருந்தது.

சுனாமி அடித்த அன்று முகத்துவாரப் பக்கம் நின்ற ஐஸ் லொறி ஒன்றைக் கடல் பிரட்டிப் போட்டது. லொறியின் பின்பெட்டி மட்டும் கழன்று, ஐஸ் கரையாமல் இருக்கத் தகடு அடித்து இறுக்கின பெட்டி அல்லவா, தோணி மாதிரி மிதந்து மிதந்து வாவிக்குள் வந்தது. தன்னாமுனைக்கு நேரே எங்கேயோ அடியில் தாண்டு போனது. அந்த நாட்களில் சனம் தேடியது ஆட்களை. பெட்டியை யார் தேடுவார்? அந்த ஊரே அதை மறந்து போனது.

மீன் மறக்கவில்லை. பெட்டிக்குள்ளும் பெட்டிக்கு அடியிலும் கொடுவா வந்து குடியிருக்கத் தொடங்கியது. சும்மா கொடுவா இல்லை, தொட்டில் பிள்ளை அளவுக் கொடுவா. ஒரு நாள் தூண்டில் போய் அந்தத் தகட்டில் மாட்டியதால்தான் இராயப்பு அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த அன்றே மனைவி பீற்றிஸிடம் கூடச் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தார். பின்னேரம் பீற்றிஸிடம் சொன்னார். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

மகள் றஜனிக்கு ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளை சதீஸ், கரடியனாற்றுப் பிள்ளை. நிச்சயத்துக்கு வந்த அன்று மாப்பிள்ளையின் தகப்பன் அழகரத்தினம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு சிரித்தார்.

"நாங்க வயல் வட்டைக்க கிடக்கிற ஆக்கள். வாவிக்கரைச் சம்பந்தமெண்டோன பெரிய மீன் திங்கலாம் எண்டு வாயூறி வந்தம். சின்னத் திரளிப் பொரியலோட அனுப்புறீங்களே சம்பந்தி!"

பகிடிதான். ஆனால் இராயப்புவுக்கு மண்டைக்குள் ஏறிவிட்டது. எல்லாருக்கும் முன்னால் எழும்பி நின்றார்.

"கலியாணத்துக்கு வாங்க. ஒவ்வொரு பீங்கானிலயும் கொடுவாத் துண்டு கிடக்கும். கிடக்காட்டி என்ட பேர் இராயப்பு இல்ல!"

பீற்றிஸ் குசினிக்குள் தலையில் கை வைத்தாள்.

இப்போது கொடுவா இருக்கிறது, இடமும் இருக்கிறது, நடுவில் இந்த வினாயகமூர்த்தி. இவனுக்கு இடம் தெரிந்தால் ஏறாவூர் வரைக்கும் தெரிந்த மாதிரி. கலியாணத்துக்குத் திரளிதான்.

நனைந்த சாரத்தோடு இருந்த இராயப்புவுக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. அந்த யோசனை வராமலே இருந்திருக்கலாம்.

"மச்சான், நீ உலக விசயம் தெரிஞ்சவன். உன்னட்ட ஒண்டு கேக்கோணும். ஆருட்டயும் சொல்லப்படா."

"பிள்ளையார் ஆணை. சொல்லு."

"அங்கால அந்த ஒத்தக் கம்பு நிக்குதில்ல, அதுக்கு நேர கீழ ஒரு இரும்புச் சாமான் கிடக்கு. கம்பால ஒருக்கா இடிச்சுப் பாத்தன்."

"ம்?"

"உள்ளுக்குள்ள இருந்து திருப்பி இடிக்குது."

வினாயகமூர்த்தி றேடியோவை நிறுத்தினான். அவன் அதை நிறுத்தி இராயப்பு பார்த்ததில்லை.

"திருப்பி இடிக்குதா?"

"டிக், டிக், டிக் எண்டு. மறுகா ஒரு சிவப்பு வெளிச்சம். நான் பயத்தில ஓடி வந்துட்டன். நீயும் அந்தப் பக்கம் போகாத."

குண்டு என்று நினைத்துப் பயந்து ஓடுவான் என்பது இராயப்புவின் கணக்கு. ஆனால் வினாயகமூர்த்தியின் முகம் பெருநாள் லைற் மாதிரிப் பற்றிக்கொண்டது.

"நீர்மூழ்கி!"

"ரெண்டாள் தண்ணிதானடா இஞ்ச."

"அதான் சின்னதா விட்டிருக்கான்!"

"ஆரு?"

"அமெரிக்கன்! திருகோணமலைத் துறைமுகத்தில அவன்ட கண் எப்ப இருந்து? நிவாரணம் எண்டு வந்தவன் சும்மாவா வருவான்? ஒட்டுக்கேக்கிற மிசின் மச்சான். நீயும் நானும் கதைக்கிறது இப்ப வாசிங்டனுக்குப் போகுது."

"நம்மட கதையக் கேட்டு அவன் என்ன செய்யப்போறான்?"

"அதத்தான் அவன் ரகசியமா வச்சிருக்கான்!"

இராயப்பு வீட்டுக்கு வந்து தோணியைக் கட்டவும் இல்லை, அதற்குள் பீற்றிஸ் வாசல் கடப்படிக்கு ஓடி வந்தாள்.

"இஞ்சேருங்க, வாவிக்குள்ள அமெரிக்கன்ட குண்டு கிடக்காமே?"

"ஆரு சொன்ன?"

"ஆருட்டயும் சொல்லவேணாம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் சொன்னவங்க."

முதல் சில நாட்கள் சொர்க்கம். ஒத்தக் கம்புப் பக்கம் ஒரு தோணியும் இல்லை. இராயப்பு தனி ராசா. ஏறாவூரில் இருந்து மீன் எடுக்க மோட்டார் சைக்கிளில் வருகிற முகைதீன்பாவா, தோணியைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்.

"இராயப்பு, இதென்ன கொடுவாவா, ஆனைக்குட்டியா? எங்க பட்டிச்சி?"

"வாவிக்குள்ளதான் காக்கா."

"வாவி பெரிசு மனே."

"ஓம் காக்கா, பெரிசு."

முகைதீன்பாவா சிரித்துக்கொண்டு தன் றெஜிபோம் பெட்டிக்குள் ஐசைப் போட்டு மீனை அடுக்கினார். பழைய வியாபாரி. அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த நாள் குடை ஐயா வந்தார்.

வெயிலும் இல்லை, மழையும் இல்லை, ஆனால் குடை பிடித்திருந்தார். அவர் யாரென்று ஊருக்கே தெரிந்தது. ஏனென்றால் தான் யாரென்று அவர் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அப்படி ஓர் ஆள் வந்து பேரைச் சொல்லி விசாரித்துவிட்டுப் போனால் அந்த வீட்டில் சோறு இறங்காது. பீற்றிஸ் செபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அந்த இடத்தில என்ன கண்ட நீ?"

"ஒண்டும் இல்ல ஐயா. வெறும் தண்ணி."

"வெறும் தண்ணியா? அப்ப அமெரிக்கன் எண்டு ஏன் சொன்ன?"

"அமெரிக்கன் இல்ல ஐயா!"

"ஓ. அமெரிக்கன் இல்ல." குடை ஐயா குடையை மடக்கினார். "அப்ப ஆரு?"

பக்கத்து நாட்டைச் சொன்னால் விஷயம் சின்னதாகப் போய்விடும், அவங்க வந்து போற ஆக்கள்தானே என்று இராயப்பு நினைத்தார்.

"இந்தியாக்காரனா இருக்கும் ஐயா."

குடை ஐயா குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். இராயப்பு பெருமூச்சு விட்டார்.

மறுநாள் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு ஐயா வந்தார். இவர் வேறு உளவு ஒபிஸ். கோபம் மூக்கு நுனியில் நின்றது.

"நேற்று வந்த ஆளுக்கு இந்தியா எண்டு சொன்னது ஏன்?"

"தெரியாமச் சொல்லிட்டன் ஐயா."

"அது பிரச்சினை இல்ல. எங்கட ஒபிஸ் பக்கத்தில இருக்கு. எங்களுக்கு முதல்ல சொல்லாம அவங்களுக்கு ஏன் முதல்ல சொன்ன? நாங்க பேப்பர் பாத்துத் தெரிஞ்சுகொள்ளணுமா?"

மனுசன் அழுதுவிடுவார் போல இருந்தது. இராயப்புவுக்கே பாவமாகிவிட்டது.

"ஐயா, அவருக்குச் சும்மா சொன்னது. உங்களுக்கு மட்டும் சொல்லுறன். அது சீனா."

கறுப்புக் கண்ணாடி ஐயாவின் முகம் தெளிந்தது. இராயப்புவின் தோளில் தட்டினார். சிகரெட் கொடுத்தார்.

மூன்றாவது நாள் தொப்பி போட்ட ஒரு ஐயா வந்தார். மெதுவாகத்தான் கதைத்தார். அதனால் இன்னும் பயமாக இருந்தது.

"அவங்களுக்கு ஒரு நாடு குடுத்திருக்காய். இவங்களுக்கு ஒரு நாடு குடுத்திருக்காய். எங்கட ஆக்கள் உனக்கு என்ன குறை செஞ்ச?"

இராயப்பு மேலே பார்த்தார், கீழே பார்த்தார். ஒரு நாடும் வாயில் வரவில்லை. அமெரிக்கா ஊருக்குக் கொடுத்தாயிற்று. இந்தியா போய்விட்டது. சீனா போய்விட்டது.

குசினிக்குள் இருந்து பீற்றிஸின் குரல் கேட்டது.

"ரஷ்யா கிடக்கே! அதக் குடுத்து அனுப்புங்களன்!"

தொப்பி ஐயா குசினிப் பக்கம் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை மூன்று ஐயாமாரும் ஒரே நாளில் மூன்று வள்ளத்தில் வந்து இறங்கினார்கள். இராயப்புவை ஏற்றிக்கொண்டு ஒத்தக் கம்படிக்குப் போனார்கள். நாலு கொழுக்கி வைத்த நங்கூரம் ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள்.

டங்!

மூன்று ஐயாமாரும் ஒரேயடியாக இராயப்புவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெறும் தண்ணி எண்டாய்?" என்றார் குடை ஐயா.

அன்று பின்னேரம் ஒத்தக் கம்பைச் சுற்றிச் சிவப்புக் கொடி ஏறிவிட்டது. கரையில் ஒரு பலகை. மீன் பிடிக்கத் தடை, தோணி விடத் தடை, நின்று பார்க்கத் தடை. வினாயகமூர்த்திக்கும் தடை. இராயப்புவுக்கும் தடை.

"கொடுவாவக் காப்பாத்தப்போய்க் கொடுவாவுக்குக் காவல் போட்டு வச்சிருக்கீங்க," என்றாள் பீற்றிஸ்.

தேத்தண்ணிக்கடையில் வினாயகமூர்த்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை உலக அரசியல் அவன் ஊருக்கே வந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் விடியப் போய்க் கரையில் நின்று (நின்று பார்க்கத் தடை என்பதால் நடந்துகொண்டே) பார்த்துவிட்டு வந்து விளக்கம் சொன்னான்.

"நேத்துக் குடை ஐயாவும் கண்ணாடி ஐயாவும் கையப் பிடிச்சு இழுக்காத குறை. அது என்ன விளங்குதா? இந்தியாக்கும் சீனாவுக்கும் முறுகல். ஆனா இண்டைக்கு ரெண்டு பேரும் ஒரே பிளாஸ்க்கில தேத்தண்ணி குடிக்காங்க! தொப்பி ஐயா தனிய நிக்கார்!"

"அப்ப?"

"ரஷ்யாவத் தனிமைப்படுத்திட்டாங்கடா! இது எங்க போய் முடியப்போகுதோ தெரியாது!"

அடுத்த நாள் தொப்பி ஐயாவும் கண்ணாடி ஐயாவும் சேர்ந்துகொண்டு குடை ஐயாவின் வள்ளத்தை மறித்தார்கள். "இண்டைக்கு எங்கட நாள்!" "இல்ல, எங்கட நாள்!" என்று சத்தம் கரை வரைக்கும் கேட்டது. வினாயகமூர்த்தி ஓடோடி வந்தான்.

"கூட்டணி மாறிப்போச்சு! சீனாவும் ரஷ்யாவும் ஒரு பக்கம்! இந்தியா இனி அமெரிக்கனிட்டத்தான் போகோணும்!"

கடையில் இருந்த எல்லாருக்கும் உடம்பு சிலிர்த்தது. ஒருவர் இன்னொரு வடை கேட்டார்.

கடைசியில் மூன்று ஒபிசும் நாள் பிரித்துக்கொண்டன. ஒவ்வொரு நாளும் விடியற்காலை ஒரு வள்ளம் போகும். யாரும் பார்க்கக் கூடாது என்று தார்ப்பாய் கட்டியிருக்கும். போகும்போது றெஜிபோம் பெட்டி ஒன்றைக் கொண்டுபோவார்கள். வரும்போது இரண்டு பேர் பிடித்துத் தூக்குவார்கள். உள்ளே இருப்பது வாவித் தண்ணி, கொழும்புக்குப் பரிசோதனைக்குப் போகிறது என்று சொன்னார்கள்.

இராயப்புவைத்தான் விசாரணை விட்டபாடில்லை.

"அண்டைக்கு நீ எந்தப் பக்கம் தோணிய நிப்பாட்டின?"

"கம்புக்கு மேற்கால ஐயா."

"தண்ணி வத்தமா, பெருக்கமா?"

"பெருகி வாற நேரம் ஐயா."

"தூண்டில்ல என்ன இருந்தது? வடிவா யோசிச்சுச் சொல்லு. ஒண்டும் மறைக்கப்படா."

"உயிர் றால் ஐயா."

"சின்னதா, பெரிசா?"

மூன்று பேரும் தனித்தனியாக இதே கேள்விகளைக் கேட்டார்கள். இராயப்பு வேர்த்து விறுவிறுத்துப் பதில் சொன்னார். இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறார்களே, கடைசியில் தன்னைக் கொண்டுபோய் எங்கே விடுவார்களோ என்று ஒவ்வொரு பதிலுக்கும் நெஞ்சு இடித்தது.

"கரடியனாத்தில உனக்கு என்ன தொடர்பு?" என்று ஒரு நாள் கேட்டார் தொப்பி ஐயா.

"மகளுக்கு மாப்பிள்ளை ஐயா. ஆவணியில கலியாணம். கொடுவா போடுறன் எண்டு வாக்குக் குடுத்திட்டன்."

தொப்பி ஐயா அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு எழும்பிப் போனார்.

எப்படியாவது கொடியைக் கழற்ற வேண்டும். இராயப்பு போய்க் குடை ஐயாவிடம் சொன்னார்.

"ஐயா, இப்ப சத்தம் ஒண்டும் கேக்கல்ல. நிண்டு போச்சு."

குடை ஐயாவின் கண் விரிந்தது. "நிப்பாட்டிட்டாங்க. நாங்க கண்டுபிடிச்சது அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு."

அடுத்த நாள் இன்னும் நாலு கொடி கூடிவிட்டது. முன்பு ஒரு தோணி அளவு தடை. இப்போது வட்டம் இராயப்புவின் வளவுக் கரைக்கே வந்து முட்டியது. காலையில் கால் கழுவவே கொடிக்கு அங்கால் போக வேண்டியிருந்தது.

கலியாணமும் நெருங்கியது. இராயப்பு கொடிக்கு வெளியே எங்கெங்கோ தூண்டில் போட்டார். திரளி பட்டது. செத்தல் மீன் பட்டது. ஒரு பழைய செருப்பும் பட்டது. கொடுவா மட்டும் இல்லை. மீன் இல்லாததால் முகைதீன்பாவாவும் இந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டார்.

கரடியனாற்றில் இருந்து ஒருவர் வந்து அழகரத்தினத்தின் சேதியைச் சொன்னார்.

"சம்பந்தி, உங்கட கொடுவாக் கதை ஊர் முழுக்கப் பரவிப்போச்சாம். வரமாட்டம் எண்ட ஆக்களும் இப்ப வெளிக்கிடுறாங்களாம். பஸ் ரெண்டு பிடிச்சாச்சாம்."

இராயப்பு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். அரிவாள்மனைக்கு முன்னால் இருந்த றஜனி, தகப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, கோழி போடுவம். ஆரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க."

"சொல்லமாட்டாங்க மகள். சாகுமட்டும் சிரிப்பாங்க. உன்னப் பாக்கிற நேரமெல்லாம் கொடுவாப் பொண்ணு எண்டு சிரிப்பாங்க."

அவர் எழும்பினார். கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றார். அங்கிருந்து நேரே கரைக்குப் போனார். நல்ல காலத்துக்கு மூன்று ஐயாமாரும் அங்கேதான் நின்றார்கள், அடுத்த கிழமை யாருடைய நாள் என்று சண்டை பிடித்துக்கொண்டு.

"ஐயா! நான் ஒரு பொய் சொல்லிப்போட்டன்!"

மூவரும் திரும்பினார்கள்.

"கீழ அமெரிக்கனும் இல்ல, இந்தியாவும் இல்ல, சீனாவும் இல்ல, ரஷ்யா எண்டது என்ட மனுசி சொன்னது. அது கடல் கொண்டுவந்த ஐஸ் லொறிப் பெட்டி ஐயா! அதுக்குள்ள கொடுவா நிக்கிது. வினாயகமூர்த்திக்கு இடம் தெரியப்படா எண்டுதான் இந்தக் கதையக் கட்டினன். என்ன அடிங்க, உள்ளுக்குப் போடுங்க. கலியாணம் மட்டும் முடியட்டும். அந்தக் கொடியக் கழட்டுங்க ஐயா!"

மூன்று ஐயாமாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை மாதமும் ஒரு விஷயத்திலும் ஒத்துப் போகாத ஆட்கள் அன்று ஒரே குரலில் சொன்னார்கள்.

"நீ பொய் சொல்லுறாய்!"

"ஐயா, மாதாவாணை!"

"உனக்குத் தெரியாது," என்றார் குடை ஐயா.

"உனக்கு விளங்காது," என்றார் கண்ணாடி ஐயா.

தொப்பி ஐயா கிட்ட வந்து, மெதுவாக, மிக மெதுவாகச் சொன்னார். "ஐஸ் பெட்டி எண்ட கதைய இனி வாயில எடுக்கப்படா. இது பெரிய இடத்து விசயம். போய்க் கலியாண வேலையப் பாரு."

இராயப்பு திரும்பி நடந்தார். வழியில் வினாயகமூர்த்தி பிடித்துக்கொண்டான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குந்திவிட்டான்.

"மூணு பேரும் ஒண்டாச் சொன்னாங்களா?"

"ஒண்டாத்தான்."

"எதிரிகள் மூணும் ஒண்டு சேர்ந்தா அது லேசுப்பட்ட விசயமாடா? ஐஸ் பெட்டிக்கு அடியில வேற என்னமோ கிடக்கு! நீ வாயால சொன்னது பொய். ஆனா விசயம் உண்மை!"

இராயப்பு நின்றார். யோசித்தார். தானே கட்டிய கதை. ஆனால் படித்த மனுசர் மூன்று பேர், பெரிய ஒபிஸ், பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போகிற தண்ணி. சும்மாவா செய்வார்கள்?

வீட்டுக்குப் போய்ப் பீற்றிஸிடம் சொன்னார்.

"புள்ள, உண்மையாவே அங்க ஏதோ கிடக்கு. எனக்கும் இப்ப யோசிச்சா, அண்டைக்குக் கம்பால இடிக்கக்குள்ள ஒள்ளுப்பம் ஒரு சத்தம் கேட்டமாதிரித்தான் கிடக்கு."

"டிக், டிக் எண்டா?"

"ஓம்!"

"அது உங்கட நெஞ்சு இடிச்ச சத்தம். போய்ப் பந்தலுக்குக் கம்பு நடுங்க."

கலியாணத்தன்று காலை. பந்தலில் வாழை கட்டியாயிற்று. கரடியனாற்று பஸ் இரண்டும் வெளிக்கிட்டுவிட்டதாகச் செய்தி வந்துவிட்டது. குசினிப் பந்தலில் கோழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். இராயப்பு புது வேட்டியோடு அடுப்படியில் நின்று, அழகரத்தினத்துக்கு என்ன சொல்லலாம் என்று பாடமாக்கினார். "சம்பந்தி, அமெரிக்கா, இந்தியா, சீனா, ரஷ்யா நாலும் சேர்ந்து எனக்கு எதிரா நிண்டா நான் என்ன செய்யிற?" சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அது கொடுவா இல்லை.

கடப்படியில் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் கேட்டது.

முகைதீன்பாவா! பின்னால் பெட்டி பூட்டிய லேன்ட்மாஸ்டர் உழவு மிசின் ஒன்று. அதற்குள் றெஜிபோம் பெட்டி, றெஜிபோம் பெட்டி, றெஜிபோம் பெட்டி. ஒன்றின் மூடியைத் திறந்ததும் பீற்றிஸ் "என்ட மாதாவே!" என்று கத்திவிட்டாள்.

கொடுவா. ஐசுக்குள் படுத்திருந்தன, தொட்டில் பிள்ளைகள் மாதிரி. அவ்வளவும் கொடுவா. ஒவ்வொரு பீங்கானுக்கும் இரண்டு துண்டு போடலாம்.

இராயப்பு ஒரு மீனைத் தூக்கிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. வாயோரத்தில் தூண்டில் காயம். வயிற்றில் கறள் நிறம், இரும்புக்குள் கிடந்த மீனுக்கு மட்டும் வருகிற அந்த நிறம். இந்த மீனை அவருக்குத் தெரியும்.

"காக்கா, ஆரு தந்த? எங்க பட்டது இது?"

முகைதீன்பாவா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"தெரியாதமாதிரிக் கேக்கிற என்ன மனே, உன்ட வல்லரசுப் பெட்டியடியில மூணு ஐயாமாரும் முறை வச்சுத் தூண்டில் போட்டு எனக்குத்தானே இவ்வளவு நாளும் மீன் தாறாங்க, இது அவங்க மூணு பேரும் ஒண்டா நிண்டு பிடிச்சுத் தந்த கலியாணப் பரிசு, நல்லதொரு பொய்யாம், அத நீயே கெடுத்துப்போடாம இரிக்கட்டுமாம்!"